வன்னியில் இருந்துகொண்டு நவீன மாந்திரீகம் பழகத் தொடங்குவது எப்படி?

குளக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றில் அம்மாவுடனும் அம்மம்மாவுடனும் இருக்கிறேன். விக்கா என்றும் நவீன மாந்திரீகம் என்றும் சொல்லப்படும் முறையைப் பற்றி இரண்டு ஆண்டுகளாகக் கைபேசியில் பார்த்தும் வாசித்தும் வருகிறேன். யாரையும் வசியம் செய்யவோ, யாருக்கும் கெடுதல் செய்யவோ நான் இதைத் தேடவில்லை. நிலவையும் மழையையும் மண்ணையும் கவனித்து, ஒரு விளக்கின் முன் அமர்ந்து, மனத்தில் கலைந்து கிடப்பதை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் பழக்கமாகவே அது எனக்குத் தெரிந்தது.

தொடங்க முயன்றபோதுதான் இடறியது. காணொளிகளில் வரும் பெண்கள் புகை போடும் வெள்ளைச் சேஜ் இலைக்கட்டு, படிகக் கற்கள், குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டு, சிறிய இரும்புக் கொப்பரை என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்கள். என்னிடம் இருப்பவை ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு சிட்டி விளக்கு, மின்சாரம் நின்றால் ஏற்றுவதற்கு வாங்கி வைத்த மெழுகுதிரிப் பெட்டி ஆகியவை மட்டுமே. ஒக்டோபர் 31 அன்று இலையுதிர் காலத்தை வழியனுப்பும்படி அவர்கள் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அந்த நேரத்தில்தான் மழை இறங்கி, விதைத்த வயல் பச்சை பிடிக்கத் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மைம்மலில் அம்மம்மா செத்தல் மிளகாய், உப்பு, கடுகு மூன்றையும் கைக்குள் பொத்தி, என் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடுவார். மிளகாய் கமறாவிட்டால் "எவ்வளவு நாவூறு இருந்திருக்கிறது பார்" என்பார். அதை வீட்டில் எல்லாரும் வழக்கம் என்கிறார்கள். சென்ற மாதம் நான் நிலத்தில் வட்டம் ஒன்று கீறி, நடுவில் மெழுகுதிரி ஏற்றி அமர்ந்ததைக் கண்ட அம்மாவோ, சூனியம் பழகுகிறாயா என்று கேட்டு அழுதுவிட்டார். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ரொறன்ரோ வடலி எழுதியது:

தங்கச்சிக்கு வணக்கம். மல்லாவியில் பிறந்து கனடாவில் வாழ்கிறேன். இந்த முறையைப் பதினோரு ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கிறேன். கொப்பியும் விளக்கும் இருந்தால் நீங்கள் தொடங்கிவிட்டீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விக்காவுக்கு உருவம் கொடுத்த ஜெரால்ட் கார்ட்னர் 1884 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1900 ஆம் ஆண்டு, பதின்ம வயதிலேயே, இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர். பின்னர் மலாயாவில் சுங்கப் பகுதி அதிகாரியாக இருந்து 1936 இல் ஓய்வு பெற்றார். சூனியத்துக்கு எதிராக 1735 இல் இயற்றப்பட்ட சட்டம் பிரித்தானியாவில் 1951 இல் நீக்கப்பட்ட பிறகுதான் அவரால் வெளிப்படையாக எழுத முடிந்தது. தாம் ஒரு தொன்மையான சமயத்தின் மிச்சத்தைக் கண்டெடுத்ததாக அவர் கூறினார். வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. பழைய சடங்கு நூல்கள், இரகசியச் சங்கங்களின் முறைகள், நாட்டார் வழக்கங்கள் ஆகியவற்றைச் சேர்த்து 20 ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டதே இது என்பது அவர்களின் முடிவு, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. டொரீன் வாலியன்டே என்ற பெண்மணி வழிபாட்டு வாசகங்கள் பலவற்றைத் திருத்தி எழுதினார். குழுவில் சேராமல் தனியாகப் பழகலாம் என்ற எண்ணத்தைப் பரவலாக்கியவர் ஸ்கொட் கன்னிங்ஹாம். அவருடைய கைந்நூல் 1988 இல் வந்தது. ஆகவே தனியாக இருக்கிறேனே என்று நீங்கள் குறைபட வேண்டியதில்லை.

பெரும்பாலோர் ஏற்கும் நெறி ஒன்று உண்டு: யாருக்கும் தீங்கு இல்லையானால் உன் விருப்பப்படி செய். வட்டம் கீறுவது, நான்கு திசைகளுக்கும் வணக்கம் சொல்வது, பௌர்ணமியைக் கொண்டாடுவது, செய்ததையும் உணர்ந்ததையும் கொப்பியில் எழுதுவது ஆகியவை அடிப்படை. இலங்கையில் பௌர்ணமி எல்லாம் போயா விடுமுறை என்பதால், அந்த ஒரு விடயத்தில் நீங்கள் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர். டாரட் சீட்டுக்கும் கற்களுக்கும் காசு செலவழிக்காதீர்கள். வெள்ளைச் சேஜ் கலிபோர்னியாவின் தெற்கிலும் அதையொட்டிய மெக்சிக்கோவிலும் வளரும் செடி. அங்குள்ள பழங்குடி மக்களின் புனிதப் பொருள். சந்தையின் ஆசைக்காகக் காட்டில் அதை மூடை மூடையாகப் பிடுங்குகிறார்கள் என்பது அந்த மக்களின் முறைப்பாடு. உங்கள் வீட்டில் சாம்பிராணி இருக்கிறது. வேலியில் நொச்சியும் வேம்பும் நிற்கும்.

ஓய்வுநிலைப் புவியியல் ஆசிரியர் எழுதியது:

நான் இதைப் பழகுபவன் அல்லன். எனினும் பிள்ளை கேட்டதில் பருவங்களைப் பற்றிய பகுதி என் பாடம் என்பதால் எழுதுகிறேன்.

அவர்களுடைய ஆண்டுச் சக்கரத்தில் எட்டு நாள்கள் உண்டு. நான்கு, சூரியனின் திருப்பங்களையும் சமநாள்களையும் ஒட்டியவை. மற்ற நான்கு, அவற்றுக்கு இடையில் வருபவை. இலண்டனில் கோடையின் நீண்ட பகல் 16 மணித்தியாலத்துக்கு மேல். மார்கழியின் குறுகிய பகல் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. அவ்வளவு ஒளி போய்த் திரும்பும் நாட்டில், டிசெம்பர் 21 ஐ ஒட்டிச் சூரியன் மீண்டும் பிறந்தது என்று நெருப்பு மூட்டிக் கொண்டாடுவது இயல்பு. கிளிநொச்சியோ ஏறத்தாழ 9.4 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இங்கே மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றே கூடுதலானது. கடிகாரம் பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனால் இலண்டனில் ஒருபோதும் நிகழாத ஒன்று நமக்கு ஆண்டுக்கு இரு முறை நிகழ்கிறது. ஏப்ரல் 14 ஐ ஒட்டியும் ஓகஸ்ட் மாதக் கடைசியிலும் நண்பகற் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்து நிற்கிறது. முற்றத்தில் ஒரு தடியை நட்டுப் பாருங்கள். அந்த நேரத்தில் அதன் நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். சித்திரை வருடப் பிறப்பும் வன்னியில் நிழல் மறையும் நாளும் ஒட்டி வருவதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் காட்டியிருக்கிறேன். சூரியனைக் கொண்டாட வேண்டுமானால் உங்கள் நாள் அதுதான்.

மீதிச் சக்கரத்தை வயல் சொல்லித் தரும். மாரி மழையை நம்பி விதைக்கும் காலபோகம், தை மாதத்துப் புது நெல், குளத்து நீரை அளந்து செய்யும் சிறுபோகம், வாய்க்கால் பூட்டிய பின் வரும் வறட்சி என்று நமக்கு ஒரு சுற்று உண்டு. ஒக்டோபர் 31 இறந்தோரை நினைக்கும் நாள் என்கிறார்கள். நாம் தந்தைக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திரா பௌர்ணமியும் வைத்திருக்கிறோம். மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கையில் வாங்கும் ஊருக்கு இன்னொரு நாள் தேவையா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

திசைகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீர் மேற்கு, நெருப்புத் தெற்கு, காற்றுக் கிழக்கு, மண் வடக்கு என்பது அவர்கள் வகுப்பு. அவர்களுக்கு அத்திலாந்திக் சமுத்திரம் மேற்கில் இருக்கிறது. நண்பகற் சூரியன் என்றும் தெற்கில்தான் நிற்கிறது. முல்லைத்தீவுக் கரையில் நிற்பவருக்குக் கடல் கிழக்கு. சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி நடுவரை நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். காற்றோ ஒரு பக்கத்தில் நிற்பதே இல்லை. பாதி ஆண்டு சோளகமாகத் தென்மேற்கிலிருந்தும், மாரியில் வாடையாக வடகிழக்கிலிருந்தும் வருகிறது.

புதுக்குடியிருப்பான் எழுதியது:

சகோதரி தவறாக நினைக்கக் கூடாது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும் என்று நம்புகிற மண் இது. முறிகண்டியில் தேங்காய் உடைக்காமல் எந்த வாகனமும் கடப்பதில்லை. பாம்பு தீண்டாதிருக்க மடுக் கோவில் மண்ணை வீட்டில் வைத்திருக்கிற கிறித்தவர்களும் நம்மிடையே உள்ளனர். இவற்றுக்கெல்லாம் ஊர் இருக்கிறது, முறைகாரர் இருக்கிறார்கள், பிழை விட்டால் திருத்துவதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செய்யும் சடங்கில் பிழைத்தால் யார் திருத்துவது? என் அச்சம் அது ஒன்றுதான்.

வவுனியாத் தாதி எழுதியது:

தங்கச்சி, நான் மருத்துவப் பக்கத்தைச் சொல்கிறேன், தயவுசெய்து ஒன்றையும் விடாமல் வாசியுங்கள்.

கிடுகு வேய்ந்த அல்லது கிடுகால் அடைத்த இடத்தில் மெழுகுதிரி ஏற்றாதீர்கள். தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் விளக்கை வைத்து, அது அணையும்வரை அங்கேயே இருங்கள். முட்டு, அதாவது ஆஸ்துமா, உள்ளவர் வீட்டில் இருந்தால் எந்தப் புகையும் வேண்டாம். நிலவொளியில் தண்ணீர் வைப்பதாகக் காணொளிகளில் காட்டுகிறார்கள். வைத்தால் மூடி வையுங்கள், மறுநாளே மரத்துக்கு ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிடும். அதில் கற்களைப் போட்டுக் குடிக்கவே கூடாது. மலகைட் என்ற பச்சைக் கல்லில் செம்பு உண்டு; ஈயமும் பாதரசமும் கலந்த கற்களும் அழகாகத்தான் இருக்கும்.

கார்த்திகைப் பூவை மேடையில் வைக்க ஆசை வரும், நம் வேலிகளில் அவ்வளவு அழகாகப் பூக்கிறது. வைத்த பின் கையைக் கழுவுங்கள். அதன் செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் மிக அதிகம். ஊமத்தையும் அலரியும் அப்படியே. அவற்றை எரிக்கவோ ஊறவைக்கவோ வேண்டாம்.

காட்டுக்குள் தனியாகப் போய் மரங்களோடு பேசுங்கள் என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் சொல்வதை இங்கே பின்பற்ற வேண்டாம். நம் காடுகளில் யானை இருக்கிறது, கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்களும் இருக்கின்றன.

பாம்பு கடித்தால் ஓதிய தண்ணீருக்காக ஒரு நிமிடமும் காத்திராதீர்கள். கட்டுவிரியன் இரவில் பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும்; கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இராது. ஒன்றுமில்லை என்று ஓதிவிட்டுப் படுத்தவர்களுக்கு விடியுமுன் கண்ணிமை சோர்ந்து மூச்சுத் திணறியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். நஞ்சு முறிக்கும் ஊசி அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். கடைசியாக ஒன்று: யாரோ கூப்பிடுவது போலக் கேட்டாலோ, பல இரவுகள் உறக்கம் இல்லாமல் போனாலோ, சடங்கைக் கூட்டாதீர்கள், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு வாருங்கள்.

காத்திருப்பவள் எழுதியது:

நான் பொதுவாக எழுதுவதில்லை. இந்தப் பிள்ளை என் மகளின் வயது என்பதால் எழுதுகிறேன்.

2009 மே மாதம் வட்டுவாகல் பாலம் வரை என்னுடன் வந்த என் கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. முகாமிலிருந்து ஊருக்கு விட்ட பின் ஒரு சாத்திரக்காரரிடம் போனேன். எந்த ஊர், யார் என்று எழுத விரும்பவில்லை. வெற்றிலையில் மை தடவிப் பார்த்தவர், ஆள் உயிருடன் இருக்கிறார், தென்மேற்குத் திசையில், சுவர் உள்ள இடத்தில் இருக்கிறார் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அவருடைய காலில் விழுந்தேன். மூன்று வெள்ளி வரச் சொன்னார். கழிப்புக்கென்று 40,000 ரூபாய் கேட்டார். தாலிக்கொடி ஏற்கெனவே போயிருந்ததால் மகளின் காப்பை அடகு வைத்தேன்.

அதுவரை போனது காசு. மூன்றாம் வெள்ளி அவர் என் வீட்டுக்கு வந்து, அடுப்படி வாசலில் ஓர் இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். அரை முழம் போகுமுன் மடித்த செப்புத் தகடு ஒன்று வந்தது, பெட்டி பெட்டியாகக் கீறி, நூல் சுற்றி. மண்ணுக்குள் கிடந்த செம்பு பச்சை பிடிக்கும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அந்தத் தகடு புதுக் காசு போல மினுங்கியது. செய்வினை செய்தது கிட்டிய ஆள், பெண், வெள்ளைச் சேலை, வேலிக்கு அந்தப் பக்கம் என்றார். என் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவள் ஒருத்திதான். மாத்தளனில் ஒரே பங்கருக்குள் என் பிள்ளைகளைத் தன் மடியில் கிடத்தி வைத்திருந்தவள். அவளுடன் ஆறு ஆண்டுகள் நான் கதைக்கவில்லை. அவளுடைய பிள்ளை பெரியபிள்ளையானபோதும் போகவில்லை. இருவரும் போய்வந்த வேலிப் பொட்டை அடைத்தேன்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பந்தல் போட்டு அமர்ந்தபோது நானும் போனேன். இரவில் பாயில் சாய்ந்தபடி, எந்தெந்தச் சாத்திரக்காரர் என்னென்ன சொன்னார் என்று ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினோம். ஒருத்திக்குத் தென்மேற்கு, ஒருத்திக்குத் தண்ணீருக்கு அருகில், ஒருத்திக்கு வருகிற தைப்பொங்கலுக்கு முன். எங்களில் ஐந்து பேரின் வீட்டில் தகடு வந்திருந்தது. ஐந்து பேருக்கும் செய்தவள் ஒரு பெண். ஐந்து பேரும் யாரோ ஒருத்தியுடன் கதைப்பதை நிறுத்தியிருந்தோம்.

ஊருக்கு வந்து அவளிடம் போனேன். ஏன் கதைக்காமல் விட்டாய் என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். ஏசவில்லை. இப்போது கதைக்கிறாள், ஆனால் என் வீட்டில் தேநீர் குடிப்பதில்லை.

மகளே, நீ நிலவைப் பார், விளக்கை ஏற்று, அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. நாளைக்கு ஊரில் யாராவது நீ ஏதோ பழகுகிறாய் என்று கேள்விப்பட்டு, என் மகன் எங்கே, என் மாடு எங்கே, எனக்கு யார் செய்தது என்று உன் படலையில் வந்து நிற்பார்கள். அன்றைக்கு நீ வாய் திறக்காதே. காசு தந்தாலும், அழுதாலும், உனக்கே ஏதோ தெரிந்தது போல இருந்தாலும், திறக்காதே.

ரொறன்ரோ வடலி எழுதியது:

அக்கா எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்தேன். சீட்டுப் பார்ப்பவர்களிடையே, அங்கே இல்லாத மூன்றாம் ஆளின் உயிரைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் பார்க்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. அதை நாகரிகம் என்ற அளவில்தான் இதுவரை நினைத்திருந்தேன். இனிப் புதியவர்களுக்கு முதலாவதாக அதைத்தான் சொல்லித் தருவேன்.

ஓய்வுநிலைப் புவியியல் ஆசிரியர் எழுதியது:

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் 15 முதல் 18 ஆம் நூற்றாண்டு வரை சூனியக்காரர் என்று குற்றஞ்சாட்டி ஏறத்தாழ 40,000 பேருக்குக் குறையாமல் கொன்றார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். அங்கே அது முடிந்துபோன கதை என்பதால், இன்றைய பெண்கள் அந்தப் பெயரைப் பெருமையாக எடுத்துச் சூடிக்கொள்ள முடிகிறது. இங்கே அம்மையார் எழுதிய வெள்ளைச் சேலைப் பெண்ணுக்கு அது முடியவில்லை. பிள்ளையின் தாயார் அழுதது எந்தச் சொல்லுக்காக என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழில் இதற்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்.

குளக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். காத்திருக்கும் அம்மாவின் பதிவை என் கொப்பியின் முதல் பக்கத்தில் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

போயா அன்று முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, அரிசிமாவால் வட்டம் இட்டேன். எங்கள் வீட்டுக்குக் குளம் தெற்கில் இருப்பதால் செம்பில் கிணற்றுத் தண்ணீரைத் தெற்கில் வைத்தேன். விளக்குக் கிழக்கில், வயல் இருக்கும் வடக்கில் ஒரு பிடி நெல், சோளகம் அடிப்பதால் சாம்பிராணித் தட்டுத் தென்மேற்கில். யாருக்காகவும் எதையும் கேட்கவில்லை. அந்த மாதம் நான் கோபப்பட்ட நாள்களை மட்டும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

பாதியில் அம்மம்மா வந்துவிட்டார். என்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. குனிந்து பார்த்தார். திரி தெற்குப் பார்த்து எரிகிறது, அப்படி வைக்கக் கூடாது என்று சொல்லிச் சிட்டியைத் திருப்பினார். பிறகு நெல்லைத் தொட்டுப் பார்த்து, பதர் கலந்திருக்கிறது, சாமிக்கு வைப்பதைப் புடைத்து வைக்க வேண்டாமா என்றார். சுளகை எடுத்து வந்து, நிலவு வெளிச்சத்தில் என் பக்கத்தில் அமர்ந்து அந்த ஒரு பிடி நெல்லைப் புடைத்தார். புதுக்குடியிருப்பு அண்ணா கேட்ட கேள்வி அப்போது நினைவுக்கு வந்தது. நாவூறு கழிக்கும்போது முணுமுணுப்பதைச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை வா என்றார். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றும் கதைக்கவில்லை.

ஆசிரியர் ஐயாவிடம் ஒரு கேள்வி. இனிச் சோளகம் அடங்கிவிடும் என்கிறார்கள். சாம்பிராணித் தட்டை எப்போது வடகிழக்குக்கு மாற்றுவது?

ஓய்வுநிலைப் புவியியல் ஆசிரியர் எழுதியது:

வாடை நிலைகொள்ள நவம்பர் கடந்துவிடும். இடையில் வரும் ஒக்டோபர் மாதத்தில் காற்று ஒரு பக்கமாக நில்லாது. காலையில் ஓய்ந்து, பின்னேரத்தில் இடியும் மழையுமாக வெவ்வேறு திசையிலிருந்து வரும். அந்த மாதம் தட்டை நடுவில் வையுங்கள் பிள்ளை, மழைக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள்.